நூற்றுப் பதினெட்டுத் தட்டுகள்

பிஜாயா,
6 அக்டோபர் 1986

அன்புள்ள மொக்ரானுக்கு,

வர்தியா எழுதுவது. நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைக் காகிதத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கோடையில் வருகிறேன் என்றீர்கள், பெருநாளுக்கு வருகிறேன் என்றீர்கள். இரண்டும் போய் மழை வந்துவிட்டது.

தஸ்ஸதித்துக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. தன் பெயரைச் சொன்னாலே காற்றுதான் வருகிறது. பள்ளியில் பெயர் கேட்டால் என்னைக் கைகாட்டுகிறாளாம். மாடியில் உங்கள் அக்கா கெனிமாவும் சுகம். ஜன்னல் வழியாகத் தெரு முழுவதையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் கையெழுத்து ஏன் இப்படி ஆகிவிட்டது? கோழி மையில் கால் வைத்துவிட்டுக் காகிதத்தில் நடந்த மாதிரி இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். முகாமில் சாப்பாட்டுக் கூடம் எப்படி இருக்கும்? யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு முதலில் பரிமாறுவார்கள்? விவரமாக எழுதுங்கள். சும்மாதான். நான் தனியாகச் சாப்பிட உட்காரும்போது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

பத்திரமாக இருங்கள்.
வர்தியா


எண்ணெய்க் கிணற்று முகாம்,
தெற்குப் பாலைவனம்,
27 அக்டோபர் 1986

அன்பு வர்தியாவுக்கு,

இங்கு நான் நலம். பம்புகளும் நலம். கையெழுத்துக்குக் காரணம் மேசை. ஒரு கால் குட்டை.

நீ சாப்பிடும்போது என்னை நினைக்க வேண்டும் என்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நல்ல மனநிலையில் இருந்தேன். ஆகவே விவரமாக எழுதுகிறேன்.

இங்கே நூற்றுப் பதினெட்டுத் தட்டு. வரிசை ஒன்றுதான், ஆனால் ஒன்று இல்லை. என்ஜினியர்கள் எப்போது வந்தாலும் வரிசை அவர்களிடமிருந்துதான் தொடங்கும். ஜன்னலோர மேசை அவர்களுடையது. நடுவில் துளை போடுகிறவர்கள், சுவரோரம் ஓட்டுநர்கள், கதவுப் பக்கம், மணல் அடிக்கிற இடத்தில், துப்புரவுக்காரர்கள். இத்தாலிக்காரர் ஒருவர் இருக்கிறார். தினமும் ஷோர்பா சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுவார். பிறகு இரண்டு தட்டு குடிப்பார்.

இங்கே கரண்டிக்குக் கண் இருக்கிறது. என்ஜினியர் தட்டு நீண்டால் பானையின் அடிவரை போய்க் கறியோடு வரும். துப்புரவுக்காரர் தட்டு நீண்டால் மேலேயே நீந்திவிட்டு வெறும் சாற்றோடு வந்துவிடும்.

குளிர்கால விடுப்பை ஒரு பையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கல்யாணம். மகளுக்கு முத்தம். பல் முளைத்ததும் எழுது.

மொக்ரான்


பிஜாயா,
12 நவம்பர் 1986

அன்புள்ள மொக்ரானுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் மிக நல்ல கடிதம். நான்கு முறை படித்தேன், இரண்டு முறை பென்சிலோடு. இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கிறது.

ஒன்று: ஒரு குழுவில் இருப்பவர் இன்னொரு குழுவின் மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? இரண்டு: புதிதாக வருகிறவருக்கு அவர் இடம் இது என்று யார் சொல்கிறார்கள், அல்லது சொல்லாமலே எப்படித் தெரிகிறது? மூன்று: முகாமில் ஒருவருடைய அந்தஸ்து சம்பளத்தைப் பொறுத்ததா, வேலையைப் பொறுத்ததா, வந்த ஊரைப் பொறுத்ததா?

இதையும் சும்மாதான் கேட்கிறேன்.

தஸ்ஸதித் தனியாக ஏதாவது எழுதி அனுப்பினால் நம்பாதீர்கள். அம்மா சுவரோடு பேசுகிறாள் என்று சொல்லித் திரிகிறாள். சுவரோடு இல்லை.

வர்தியா


முகாம்,
3 டிசம்பர் 1986

வர்தியாவுக்கு,

நலம்.

உன் கேள்விகளுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அதனால் வந்த வினையைக் கேள். நான் எழுதுவதைப் பார்த்து, நிர்வாகத்துக்கு உளவு சொல்கிறேன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு ஓட்டுநர் வந்து காதோடு சொன்னான்: "அண்ணே, என் பேரை மட்டும் எழுதிடாதீங்க. அந்த ரொட்டிய நான் எடுக்கல." எந்த ரொட்டி என்றே எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

ஒன்றாம் கேள்விக்குப் பதில்: மெஸ்ஸவூத் என்ற துப்புரவுக்காரர் போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். யாரும் திட்டவில்லை. என்ஜினியர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆறு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து, வேகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் கதவுப் பக்கம்.

இனி என் கேள்வி. அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்: "உன் பொண்டாட்டி ஞாயிறும் செவ்வாயும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நல்ல செருப்பப் போட்டுக்கிட்டு, கையில ஃபைலோட கிளம்புறா. எட்டு மணிக்கு வர்றா. மத்த நாள் கண்ணாடி முன்னாடி நின்னு 'மரியாதைக்குரிய தலைவர் அவர்களே'ன்னு கொஞ்சுறா. யார்றா அந்தத் தலைவர்?"

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். தலைவரின் பெயர், வயது, வேலை ஆகியவற்றை மட்டும் தெரிவிக்கவும்.

மொக்ரான்


பிஜாயா,
9 ஜனவரி 1987

அன்புள்ள மொக்ரானுக்கு,

சுகம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நான்கு தாள் கிழித்தேன்.

தலைவரின் பெயர்: இல்லை. வயது: இல்லை. வேலை: மேடையில் காலி நாற்காலியாக இருப்பது. அந்த நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொல்லிப் பேசப் பழக வேண்டும்.

துறைமுகத்துப் பழைய தானியக் கிடங்கில் மாலைக் கல்லூரி ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். நான் சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் இரண்டு பாடம்: சமூகவியல் அறிமுகம், மேடைப் பேச்சு. ஆள் பற்றாக்குறையால் இரண்டையும் திருமதி ஷப்ஹா ஒருவரே எடுக்கிறார். முப்பத்தோரு பேர் படிக்கிறோம். ஒரு போலீஸ்காரி, ஒரு முடிதிருத்துபவர், பிறகு நம் தெருத் தபால்காரர் அரெஸ்கி. இந்தக் கடிதத்தையும் அவர்தான் எடுத்துப் போவார்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? பள்ளி இறுதித் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றபோது ஊரே ஆறுதல் சொல்ல வந்தது நினைவிருக்கிறதா? அந்த ஆறுதலை மூன்றாம் முறை தாங்க முடியாது. தோற்றால் சத்தமில்லாமல் தோற்கலாம் என்று நினைத்தேன்.

முதல் பேச்சில் "மரியாதைக்குரிய" வரை வந்தேன். மூன்று நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்தேன். திருமதி ஷப்ஹா சொன்னார்: "நல்லா நின்னீங்க. அடுத்த தடவ பேசுங்க. கடைசி வரிசையில ஒரு முகத்தப் பிடிச்சுக்குங்க, அந்த ஒருத்தர்கிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க."

அடுத்த முறை உங்கள் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிப் பேசினேன். சிரித்தார்கள், மொக்ரான். இத்தாலிக்காரருக்குக் கைதட்டினார்கள். மெஸ்ஸவூத் கதை வந்ததும் சிரிப்பு நின்றது. முடிந்ததும் திருமதி ஷப்ஹா ஒரு கேள்வி கேட்டார்: "இதையெல்லாம் பார்த்தவர் எங்க உட்கார்ந்திருக்கார்?"

"துளை போடுறவங்க மேசையில. அவர் பம்பு மெக்கானிக்."

"அங்க உட்கார்ந்தா முதுகுதானம்மா தெரியும். இவர் நூத்திப் பதினெட்டுப் பேரோட முகத்தையும் நேருக்கு நேரா பார்க்கிறார். தட்டு நீளுறதப் பார்க்கிறார். தன் தட்டுல என்ன விழுந்துச்சுன்னு மட்டும் ஒரு வரிகூட எழுதல."

அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், மொக்ரான்?

வர்தியா


முகாம்,
2 மார்ச் 1987

வர்தியாவுக்கு,

நலம். நீ படிப்பது சந்தோஷம். முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனாலும் சந்தோஷம்.

இங்கே மணற்காற்று. பிப்ரவரி முழுவதும் அடித்தது. மேற்கிலிருந்து அடித்தது, பிறகு தெற்கிலிருந்து. கூரைத் தகடு ஒன்று பறந்துபோய் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. ஒட்டகத்துக்கு ஒன்றுமில்லை. நேற்றுக் காற்று நின்றது. இன்று மறுபடியும் அடிக்கிறது.

மகளுக்குப் பல் முளைத்ததா?

மொக்ரான்


பிஜாயா,
17 மார்ச் 1987

அன்புள்ள மொக்ரானுக்கு,

நாங்கள் சுகம். பல் பாதி முளைத்திருக்கிறது. ஒட்டகத்துக்கு ஒன்றுமில்லை என்பது பெரிய நிம்மதி.

வீட்டில் ஒரு பிரச்சினை. கெனிமா அக்காவின் மகனுக்கு அடுத்த மாதம் சுன்னத்து விருந்து. நூற்றிருபது பேர். குஸ்குஸ் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஆறு பேருக்கு மேல் நான் செய்ததே இல்லை. எத்தனை கிலோ ரவை, எத்தனை முறை அவிப்பது என்று ஒரே குழப்பம். உங்கள் முகாம் சமையல்காரரைக் கேட்டு எழுத முடியுமா? அவசரம்.

வர்தியா


முகாம்,
26 மார்ச் 1987

வர்தியாவுக்கு,

நலம். உடனே எழுதுகிறேன், ஏனென்றால் நீ கெடுத்துவிடுவாய்.

நூற்றிருபது பேருக்குப் பதினைந்து கிலோ ரவை. பன்னிரண்டு போதும் என்று அக்கா சொல்வாள், கேட்காதே. ஒரே பாத்திரத்தில் போடாதே, அடி களியாகும், மேல் பச்சையாகும். மூன்றாகப் பிரி. எண்ணெய் தொட்டு உள்ளங்கையால் தேய்த்துப் பிரித்துவிட்டுத்தான் அவிக்க வேண்டும். பானைக்கும் மேல் சட்டிக்கும் நடுவில் மாவில் நனைத்த துணியைச் சுற்று, இல்லாவிட்டால் ஆவி பக்கவாட்டில் ஓடிவிடும். மேலே ஆவி வந்த பிறகு அகலத் தட்டில் கொட்டி, உப்புத் தண்ணீர் தெளித்து, கட்டியை உடை. சூடாக இருக்கும்போதே உடைக்க வேண்டும், ஆறினால் கல். இப்படி மூன்று தடவை. கொண்டைக்கடலையை முந்தின நாளே ஊறப்போடு. டர்னிப்பைப் பெரிதாக வெட்டு, சின்னதாக வெட்டினால் கரைந்துபோய் எங்கே போச்சு என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சமையல்காரர் சொன்னது.

மேலே உள்ள வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். நீ பென்சிலோடு படிக்கிறவள், அடித்ததையும் படித்துவிடுவாய். நான்தான் சமையல்காரன்.

போன வருடம் ஏப்ரலில் சங்கிலி அறுந்து வலது கையில் அடித்தது. சிராய்ப்பு என்று உனக்கு எழுதினேன். இரண்டு விரல் மடங்காது. ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, பேனாவும் அரைகுறைதான். கரண்டி பிடிக்கலாம் என்று டாக்டர் கண்டுபிடித்தார். மேசைக்கு நான்கு காலும் சரியாகத்தான் இருக்கிறது.

நம் தெருவில் எனக்கு மெக்கானிக் மொக்ரான் என்று பெயர். விடுப்பில் வந்தால் வாசலில் பத்துப் பேர் பம்பைப் பற்றிக் கேட்க நிற்பார்கள். அவர்களிடம் டர்னிப்பைப் பற்றியா பேசுவது? அதனால்தான் வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். இதை வகுப்பில் சொல்லாதே. தபால்காரர் இருக்கிற வகுப்பில் சொன்னால் வீடு வீடாகப் போய்ச் சேரும்.

மொக்ரான்


பிஜாயா,
18 ஜூன் 1987

மொக்ரானுக்கு,

நாங்கள் சுகம்.

விருந்து நன்றாக நடந்தது. பதினைந்து கிலோவும் தீர்ந்தது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

முதலில் உங்கள் கைக்காக இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருடம். உட்கார்ந்த இடத்திலிருந்து "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்வீர்கள், உப்பு எட்டுகிற தூரத்தில் இருக்கும், நான் எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பேன். அந்த மனிதர் அங்கே நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு ரவை தேய்த்துக்கொண்டிருக்கிறார். கோபம் மே மாதம் வரை இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. பிறகு தேர்வு வந்துவிட்டது.

தேர்வு என்பது ஒரே பேச்சு. இரண்டு பாடத்துக்கும் அதுதான் மதிப்பெண். நேரில் கவனித்த ஒரு குழுவைப் பற்றிப் பத்து நிமிடம். நான் கவனித்ததெல்லாம் உங்கள் வழியாகத்தான், அதனால் சாப்பாட்டுக் கூடத்தையே பேசினேன். நிற்காமல் பேசினேன். திருமதி ஷப்ஹா கடைசியில் கேட்டார்: "அந்தக் கரண்டி யார் கையில?"

"தெரியும். சொல்ல அனுமதி இல்ல."

"அப்போ பாதிதான் சொல்லியிருக்கீங்க."

இருபதுக்கு ஒன்பது. பத்து வந்தால்தான் தேர்ச்சி. செப்டம்பரில் மறுதேர்வு இருக்கிறது. காய்கறிச் சந்தைப் பெண்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அவர்களைப் பற்றிப் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை. அது ஒன்று நல்லது.

வர்தியா


முகாம்,
8 ஜூலை 1987

வர்தியாவுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு மேலே போகிறேன்.

ஒன்பது என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஷோர்பாவில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். இத்தாலிக்காரர்கூட ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டார்.

சந்தைக்குப் போகாதே. இன்று காலை கெனிமா அக்காவுக்கு மூன்று பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். விரல், சமையல், எல்லாம். "அக்கா, இதை யாரிடமும் சொல்லாதே" என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். கடிதம் கிடைத்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிவதற்குள் துறைமுகம் வரைக்கும் தெரிந்துவிடும். இனி நீ மறைக்க ஒன்றும் இல்லை.

உன் ஆசிரியைக்கும் பதில் சொல்லிவிடு. கரண்டி என் கையில். கரண்டிக்குக் கண் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, அது என் கண். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி ஊற்றினார், நானும் ஊற்றினேன். என்ஜினியர் தட்டு வந்தால் கை தானாகக் கீழே போகிறது. மெஸ்ஸவூத் தட்டு வந்தால் மேலேயே நிற்கிறது. பம்பை விட்டுச் சமையலுக்கு வந்ததற்கு வெட்கப்படுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கேள்விகளுக்காக நோட்டுப் போட்ட பிறகு எனக்கு வேறு வெட்கம் வந்தது. அதைத்தான் எழுத முடியவில்லை. அதனால் காற்றைப் பற்றி எழுதினேன்.

மொக்ரான்


பிஜாயா,
24 செப்டம்பர் 1987

அன்புள்ள மொக்ரானுக்கு,

சுகம், சுகம். மகளுக்கு இரண்டு பல்லும் முளைத்துவிட்டன. பெயரை இப்போது தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்கிறாள்.

அக்கா வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வியாழன் மதியமே ரொட்டிக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு நான்கு பெண்கள் உங்கள் விரலுக்காக அழுதார்கள். ஐந்தாவது பெண் ரவைக் கணக்குக் கேட்டாள். வாசலில் பம்பு விசாரிக்கிற பத்துப் பேரும் வந்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மொக்ரான் வந்தா, ஷோர்பாவுல எலுமிச்ச எப்பப் புழியணும்னு கேட்டுச் சொல்லுவியாம்மா? எம் மவ செய்யுறது கசக்குது."

மறுதேர்வு செவ்வாய்க்கிழமை. கடைசி வரிசையில் அரெஸ்கி முகத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்: "இதைப் பார்த்தவர் என் கணவர். அவர் நிற்கிற இடம் பானைக்குப் பின்னால். கரண்டி அவர் கையில் இருக்கிறது." பத்து நிமிடத்துக்குப் பதிலாகப் பதினாறு நிமிடம் பேசினேன். திருமதி ஷப்ஹா இரண்டு முறை மேசையைத் தட்டினார், நான் நிறுத்தவில்லை. இருபதுக்குப் பதினைந்து. நேரத்தை மீறியதற்கு ஒன்று குறைத்துக்கொண்டாராம்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அரெஸ்கி நின்றார். "அந்தத் துப்புரவுக்காரங்களுக்கு இப்பவும் அதே தண்ணிச் சாறுதானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எழுதிக் கேட்கச் சொன்னார். கேட்கிறேன்.

பேச்சின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாம் வருடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். விடுப்பை யாருக்கும் கொடுக்காமல் வாருங்கள்.

வர்தியா


முகாம்,
19 அக்டோபர் 1987

அன்பு வர்தியாவுக்கு,

மிகவும் நலம். டிசம்பர் ஐந்தாம் தேதி வருகிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கையைப் பார்த்துப் பயப்படாதே.

அரெஸ்கியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கரண்டியை நான் மட்டும் சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். நான்கு நாள் அப்படித்தான் செய்தேன். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் தவறி விழுந்த கறி என்று நினைத்தார்கள். ஆகவே சனிக்கிழமை மதியம், நூற்றுப் பதினெட்டுப் பேரும் தட்டோடு நிற்கும்போது, பானையைத் திறந்து வைத்துக்கொண்டு உன் பேச்சை எடுத்தேன்.

"யோவ், முதல்ல ஊத்துய்யா" என்றார்கள். "ஊத்துறேன், இதப் படிச்சுட்டு ஊத்துறேன்" என்றேன். மரியாதைக்குரிய என்று ஆரம்பித்தேன். வரிசையின் கடைசியில் மெஸ்ஸவூத் நின்றார். அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தாலிக்காரர் வருகிற இடத்தில் சிரித்தார்கள். அவருக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள், அவரும் சிரித்தார். கரண்டி வருகிற இடத்தில் என்ஜினியர்கள் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டி அவர் கையில் என்ற வரியை நானே "என் கையில்" என்று படித்தேன். உன் எழுத்தில் இருந்ததால்தான் படிக்க முடிந்தது.

முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். வரிசையின் கடைசியிலிருந்து மெஸ்ஸவூத் சொன்னார்: "அந்தக் கரண்டி எடத்த மறுபடி படி."

மறுபடி படித்தேன். பிறகு பானையை அடிவரை கலக்கிவிட்டு, வரிசையின் கடைசியிலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். இது உப்புக் கூடினாலும் குறைந்தாலும் மேசையைத் தட்டுகிற கூட்டம். ஷோர்பா நன்றாக ஆறிப்போயிருந்தது. நூற்றுப் பதினெட்டுப் பேரும் குடித்தார்கள். ஒருவரும் மேசையைத் தட்டவில்லை.

உன்
மொக்ரான்